வரைபடத்தில் சொந்த மாவட்டத்தைக் காட்டத் தெரியாத பட்டதாரிகள்: குற்றம் யாருடையது?

பொருநைக்கரை எழுதியது:

விதை விற்கும் நிறுவனம் ஒன்றில் களப் பணியாளர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என்னுடையது. வருகிறவர்கள் எல்லோரும் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பட்டதாரிகள். ஊர் ஊராகப் போய் உழவர்களிடம் பேச வேண்டிய வேலை என்பதால், பெயர்கள் எதுவும் அச்சிடாத தமிழ்நாட்டு வரைபடம் ஒன்றை நீட்டி, "உங்கள் மாவட்டத்தைக் காட்டுங்கள்" என்பேன். பாதிப் பேர் தடுமாறுகிறார்கள். ராமநாதபுரத்துப் பையன் ஒருவன் கேரள எல்லையில் விரலை வைத்தான். கடலைப் பார்த்து வளர்ந்தவன்!

தமிழ்நாட்டுக்கு எந்தப் பருவத்தில் அதிக மழை என்று கேட்டால் "ஜூன், ஜூலை" என்கிறார்கள். நம் மழையில் ஏறத்தாழ பாதி வடகிழக்குப் பருவக்காற்றால், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிடைப்பது. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை வாங்கிக்கொள்கிறது. இதைக்கூடவா சொல்லித்தர வேண்டும்? மேட்டூர் அணையை வழக்கமாக எந்த நாளில் திறப்பார்கள் என்பதற்கு ஜூன் 12 என்று சொன்னவர் இதுவரை யாரும் இல்லை. "மேட்டூர் எந்த மாவட்டம் சார்?" என்று என்னையே திருப்பிக் கேட்டவர் உண்டு. குறுவைக்கும் சம்பாவுக்கும் வேறுபாடு தெரியாதவரை நம்பி நெல் விதையை எப்படிக் கொடுத்தனுப்புவது?

வரலாறு இதைவிட மோசம். புதுச்சேரி 1947 ஆகஸ்ட் 15 அன்று ஆங்கிலேயரிடமிருந்து விடுதலை பெற்றதாம். பிரெஞ்சுக்காரர்கள் 1954 நவம்பர் 1 வரை அங்கே ஆண்டார்கள், சட்டப்படியான ஒப்படைப்பு 1962இல்தான் முடிந்தது என்றால் கதை கேட்பதுபோலக் கேட்கிறார்கள். கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்தது என்பது நாகர்கோவிலிலிருந்து வந்த பெண்ணுக்கே புதுச் செய்தி.

இந்தத் தலைமுறைக்குத் தன் காலடி மண்ணைப் பற்றிய அக்கறையே இல்லை என்பது என் கருத்து. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

கடைசி வரிசை எழுதியது:

மறுக்கிறேன் ஐயா. எனக்கு வயது இருபத்து மூன்று. உங்கள் கேள்விகளில் சிலவற்றுக்கு எனக்கும் விடை தெரியாது, அதை மறைக்கவில்லை. ஆனால் எங்களைக் கேள்வி கேட்கும் தலைமுறையின் வரலாற்று அறிவு எப்படி இருக்கிறது என்று எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்தால் தெரிந்துவிடும்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாதாம். ஆண்டுக்கு நான்கு முறையாவது வரும். அனுப்புகிறவர்கள் ஓய்வு பெற்ற அதிகாரிகள், வங்கி மேலாளர்கள். மாலை நான்கு மணிக்குக் கோயில் பிரகாரத்தில் போய் நின்றால் நிழல் காலடியில் நீளமாகக் கிடக்கும். 1835 பிப்ரவரி 2 அன்று ஆங்கிலேய அதிகாரி மெக்காலே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் "இந்தியாவில் ஒரு பிச்சைக்காரனைக்கூடப் பார்க்கவில்லை" என்று பேசினாராம். அந்தத் தேதியில் அவர் கல்கத்தாவில் உட்கார்ந்து கல்விக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார், லண்டனில் எப்படிப் பேசுவார்? நம் தேசிய கீதம்தான் உலகத்திலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாம். யுனெஸ்கோவுக்கு அது வேலையே இல்லை.

எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தவறாகத் தெரியும், அதோடு அதை விடியற்காலை ஐந்து மணிக்கு நாற்பது பேருக்கு அனுப்பவும் செய்கிறீர்கள். எது பெரிய ஆபத்து?

பொருநைக்கரை எழுதியது:

தம்பி, கேள்விக்குப் பதில் வேண்டும், எதிர்க்கேள்வி வேண்டாம். பெரியப்பா பொய்யை அனுப்புகிறார் என்பதால் நீங்கள் மேட்டூரைத் தெரிந்துகொள்ளத் தேவையில்லை என்றாகிவிடுமா? நிழல் கதையை நானும் ஏற்கவில்லை. அதைப் பொய் என்று உங்களால் சொல்ல முடிகிறது. உங்கள் நண்பர்களில் எத்தனை பேரால் முடியும்? அதுதான் என் கேள்வி.

கரும்பலகை எழுதியது:

அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். இருவரும் சண்டையை நிறுத்திவிட்டு வகுப்பறைக்குள் ஒருமுறை வந்து பாருங்கள்.

பத்தாம் வகுப்பில் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் நான்கும் சேர்ந்து ஒரே தாள், நூறு மதிப்பெண். அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் என் பாடவேளைகளைக் கணக்கு ஆசிரியர் கேட்பார், அறிவியல் ஆசிரியர் கேட்பார். "உங்கள் பாடம் படித்தாலே வந்துவிடும் டீச்சர்" என்பார்கள். தலைமையாசிரியரும் அதையே சொல்வார். மெல்லக் கற்போர் என்று ஒரு பட்டியல் உண்டு. அவர்களைத் தேர்ச்சி பெறவைக்க உறுதியான மதிப்பெண் தரும் பகுதிகளை மட்டும் திரும்பத் திரும்பப் பழக்க வேண்டும். அதில் முதலிடம் வரைபடத்துக்கு.

வரைபடத்தை எப்படிப் பழக்குகிறோம் தெரியுமா? கடையில் வாங்கிய அச்சு வரைபடத் தாளில் ஐந்தாறு ஆண்டுகளின் வினாத்தாளில் வந்த இடங்களைப் புள்ளி வைத்துப் பழகுவார்கள். என் மாணவன் ஒருவன் சோட்டாநாக்பூர் பீடபூமியைக் கண்ணை மூடிக்கொண்டு குறிப்பான். எப்படி என்று கேட்டேன். வங்காளப் பக்கம் கோடு உள்ளே வளைகிற இடத்திலிருந்து இரண்டு விரற்கடை இடப்பக்கம் தள்ளி வைக்க வேண்டுமாம். தாளைத் தலைகீழாகத் திருப்பிக் கொடுத்தேன். இலங்கை எந்தப் பக்கம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. பொதுத்தேர்வில் வரைபடக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினான். அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நாங்கள் கேட்டதைச் சரியாகச் செய்தான்.

அதற்குப் பிறகு? பதினொன்றாம் வகுப்பில் அறிவியல் பிரிவு எடுத்தவன் வரலாற்றையும் புவியியலையும் மறுபடி தொடுவதே இல்லை. பொருநைக்கரை ஐயா இருபத்து மூன்று வயதில் கேட்கும் கேள்விக்கு அவன் பதினைந்து வயதில் படித்ததை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். வரலாற்றுப் பிரிவு என்றால் மதிப்பெண் குறைந்தவர்கள் ஒதுங்கும் இடம் என்று நாமே வைத்திருக்கிறோம். பிள்ளை வரலாறு படிக்கிறேன் என்றால் வீட்டில் துக்கம் விசாரிக்க வருவதுபோல உறவினர்கள் வருகிறார்கள்.

தமிழ்நாட்டுக்கு மட்டும் உள்ள நோய் என்றும் நினைக்க வேண்டாம். 2017இல், கிராமப்புறக் கல்வி நிலையை ஆராயும் ஏசர் ஆய்வுக்காரர்கள் 24 மாநிலங்களில் 28 மாவட்டங்களில் 14 முதல் 18 வயது வரையிலான கிராமத்துப் பிள்ளைகளிடம் இந்திய வரைபடத்தைக் காட்டினார்கள். தங்கள் மாநிலத்தைச் சரியாகத் தொட்டுக் காட்டியவர்கள் நூற்றுக்கு 42 பேர்தான். நாட்டின் தலைநகரம் தெரியாதவர்கள் 36 பேர்.

ஹட்சன் ஓரம் எழுதியது:

நான் அமெரிக்காவில் இருக்கிறேன். இங்கேயும் இதே ஒப்பாரிதான். 2006இல் நேஷனல் ஜியாகிரபிக் நடத்திய கணக்கெடுப்பில் 18 முதல் 24 வயதுக்காரர்களில் 63 விழுக்காட்டினருக்கு மத்தியக் கிழக்கு வரைபடத்தில் ஈராக்கைக் காட்டத் தெரியவில்லை. அவர்கள் நாட்டுப் படைகள் அங்கே மூன்றாண்டுகளாகப் போரிட்டுக்கொண்டிருந்தபோது! 2022இல் எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு நடத்திய தேசிய மதிப்பீட்டில் அமெரிக்க வரலாற்றில் தேர்ச்சி நிலையை எட்டியவர்கள் 13 விழுக்காடு.

ஆனால் நான் சொல்ல வந்தது அதற்கு நேர் எதிரான செய்தி. 1917இலேயே டெக்சாஸ் மாநில மாணவர்களை வரலாற்றில் சோதித்துப் பார்த்து, ஒன்றுமே தெரியவில்லை என்று இரண்டு ஆய்வாளர்கள் கட்டுரை எழுதிவிட்டார்கள். 1943இல் கல்லூரியில் சேர்ந்த ஏழாயிரம் பேரை நியூயார்க் டைம்ஸ் இதழ் சோதித்து அதே புலம்பலை முதல் பக்கத்தில் போட்டது. அந்த 1943ஆம் ஆண்டு இளைஞர்களைத்தான் பின்னாளில் மாபெரும் தலைமுறை என்று கொண்டாடினார்கள். அறியாத இளைஞர்கள் என்பது எல்லாக் காலத்திலும் பெரியவர்கள் பாடும் பல்லவி. பொருநைக்கரை அவர்களின் அப்பாவிடம் கேட்டிருந்தால் அவரும் மகனைப் பற்றி இப்படித்தான் சொல்லியிருப்பார்.

பொருநைக்கரை எழுதியது:

நூறு ஆண்டாக ஒரு வீட்டில் கூரை ஒழுகுகிறது என்றால் ஒழுகல் பொய் என்று அர்த்தமா? யாரும் ஓடு மாற்றவில்லை என்று அர்த்தம். என் அப்பா ஐந்தாம் வகுப்பு. எந்த மழைக்கு எந்தக் குளம் நிறையும், எந்த மடை வழியாக எந்த வயலுக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். அதைப் புவியியல் என்று அவர் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கலங்கல் எழுதியது:

சரியான இடத்துக்கு வந்தீர்கள். மன்னர்களின் ஆண்டுகளைப் பிறகு பார்க்கலாம், என் கவலை வேறு. நான் சென்னையில் மனை, வீட்டுப் பத்திரங்கள் சரிபார்த்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். கணிப்பொறி நிறுவனங்களில் லட்சக்கணக்கில் சம்பளம் வாங்கும் இளைஞர்கள் வருவார்கள். விற்பனைப் பத்திரம், தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று எல்லாம் கோப்பு போட்டு, பக்கம் எண் இட்டு வைத்திருப்பார்கள். "மழைத் தண்ணீர் இந்த மனையிலிருந்து எந்தப் பக்கம் போகும்?" என்று கேட்பேன். முகத்தைப் பார்க்க வேண்டுமே!

சென்னையும் செங்கல்பட்டும் காஞ்சிபுரமும் ஏரிகளால் தைத்த நிலம். மேல் ஏரி நிறைந்தால் கலங்கல் வழியாக வழிந்து போக்குக்கால் பிடித்துக் கீழ் ஏரிக்குப் போகும். அந்தப் போக்குக்காலுக்குக் குறுக்கே பத்தடி உயரத்துக்குச் சுற்றுச்சுவர் எழுப்பி, அழகான ஆங்கிலப் பெயர் வைத்து அடுக்குமாடி கட்டுகிறார்கள். 2015 டிசம்பரில் அடையாற்றின் இரு கரையிலும் என்ன நடந்தது என்று எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மறுபடி மூழ்கின. தென்சென்னையின் அத்தனை ஏரிகளின் மிகுதி நீரும் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு வந்து, அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாக பக்கிங்காம் கால்வாயைப் பிடித்து, கோவளத்துக்குப் பக்கத்தில் கடலுக்குப் போக வேண்டும். இதற்கு ஒரே ஒரு வரைபடம் போதும். அதைப் பார்க்காமல் எண்பது லட்சத்துக்குக் கடன் வாங்குகிறார்கள்.

பட்டாவும், அ-பதிவேடு என்கிற கிராம நிலப் பதிவேடும், புலப்படம் என்கிற நில அளவைப் படமும் இன்று இணையத்திலேயே கிடைக்கின்றன. கிராம வரைபடத்தில் நீலம் தீட்டிய இடம் எது, வாய்க்கால் புறம்போக்கு எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்க்கப் பத்து நிமிடம் ஆகாது. படம் பார்க்கத் தெரிய வேண்டும், அதுதான் தெரியவில்லை. போன மாதம் ஒரு பையனிடம் புலப்படத்தைக் கொடுத்தேன். வடக்கு எது என்று படத்திலேயே அம்புக்குறி போட்டிருந்தும் கைப்பேசியை எடுத்துத் திசைகாட்டியைத் தேடினான்.

இன்னொன்று. காவிரி நீருக்காகப் போராட்டம் வரும்போதெல்லாம் "அது தஞ்சாவூர்க்காரர்கள் பிரச்சினை" என்று சென்னைப் பிள்ளைகள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். வீராணம் ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வருகிறது. கொள்ளிடம் எது? முக்கொம்பில் பிரிகிற காவிரிதான். 2004 முதல் வீராணத்துத் தண்ணீர் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் குழாயில் ஓடிச் சென்னைக்கு வருகிறது. காவிரியைக் குடித்துக்கொண்டே காவிரி எனக்கென்ன என்கிறார்கள்.

கடைசி வரிசை எழுதியது:

கலங்கல் ஐயா எழுதியதில் தண்ணீர் பற்றியது அத்தனையும் சரி. வீராணம் செய்தி எனக்கே புதியது, நன்றி. ஆனால் குற்றவாளிக் கூண்டில் தப்பான ஆளை நிறுத்தியிருக்கிறீர்கள்.

வேளச்சேரியில், முடிச்சூரில், பள்ளிக்கரணையில் மனை போட்டவர்கள் யார்? வாங்கியவர்கள் யார்? அனுமதி கொடுத்தவர்கள் யார்? தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களிலும் நான் பிறக்கவே இல்லை, அல்லது தொட்டிலில் இருந்தேன். அவர்கள் எல்லோரும் பாடத்தில் ஏரி, கலங்கல், மதகு எல்லாம் படித்த தலைமுறை. அசோகர் எத்தனை மரம் நட்டார் என்றுகூடச் சொல்வார்கள். அந்த அறிவு ஒரு ஏரியையாவது காப்பாற்றியதா? மூழ்கும் வீட்டை எங்களுக்குச் சொத்தாக எழுதி வைத்துவிட்டு, வடக்கு எது தெரியுமா என்று எங்களையே கேட்கிறீர்கள்.

புவியியலே தெரியாது என்பதையும் ஏற்க மாட்டேன். உணவு கொண்டுவந்து தரும் தம்பிகளோடு ஒரு நாள் போய்ப் பாருங்கள். எந்தச் சுரங்கப்பாதையில் எவ்வளவு மழைக்கு எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மாநகராட்சிப் பொறியாளருக்குத் தெரிகிறதோ இல்லையோ!

கலங்கல் எழுதியது:

உணவு கொண்டுவரும் தம்பிகளின் அறிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அது கசப்பான அனுபவத்தில் வந்த அறிவு, மதிக்கிறேன். ஆனால் அந்தச் சுரங்கப்பாதையில் ஏன் நிற்கிறது என்று கேட்டுப் பாருங்கள். "மழை பெய்தது, நிற்கிறது" என்பார்கள். ஏன் என்று தெரிந்தவன்தான் வார்டு உறுப்பினரிடம் போய் "அந்த வாய்க்காலின் வாயைத் திறந்துவிடுங்கள்" என்று கேட்க முடியும்.

என் தலைமுறையின் குற்றத்தை மூடி மறைக்கப் போவதில்லை. காசுக்காகக் கண்ணை மூடிக்கொண்டார்கள். தெரிந்தே செய்தவர்களைத் தடுக்கத்தான் தெரிந்த இன்னொருவர் வேண்டும் என்கிறேன்.

வழுக்கையாறு எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். உங்களுக்கு ஒரு எச்சரிக்கை: பாடத்தைக் கட்டாயமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது சொல்ல வருவார்கள். நம்பிவிடாதீர்கள். எங்கள் நாட்டில் க.பொ.த. சாதாரண தரம் என்கிற பள்ளிப் பொதுத்தேர்வுக்கு வரலாறு கட்டாயப் பாடம். எல்லாப் பிள்ளைகளும் படித்தே ஆக வேண்டும். அநுராதபுரத்துக் குளங்களையும் பொலன்னறுவையையும் பற்றி நீங்கள் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். யாழ்ப்பாண இராச்சியத்தைப் போர்த்துக்கேயர் 1619இல் பிடித்தார்கள் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நல்லூருக்குத் திருவிழா பார்க்கப் போகிற பிள்ளைக்கு, தான் நடக்கிற வீதிக்குப் பக்கத்தில் ஒரு அரசின் தலைநகரம் இருந்தது என்ற எண்ணமே வருவதில்லை. புத்தகத்தில் அதற்கு ஒதுக்கிய இடம் அவ்வளவுதான்.

புவியியல் எங்களுக்கு விருப்பப் பாடம், பிள்ளைகள் பலர் எடுப்பதில்லை. எங்கள் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. மழைக்காலத்தில் மட்டும் ஓடுகிற வழுக்கையாறு ஒன்றுதான், என் பெயரும் அதிலிருந்து எடுத்ததுதான். மற்றபடி குடிப்பதும் குளிப்பதும் தோட்டம் இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கியிருக்கிற மழைத் தண்ணீரில். அந்தக் கல் முழுக்கப் பொந்தும் வெடிப்பும். ஒரு வளவில் ஊற்றுகிறது அடுத்த ஊர்க் கிணற்றில் வரும். சுன்னாகத்தில் கிணறுகளில் கழிவு எண்ணெய் மிதந்தபோதுதான் சனங்கள் நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். அதற்கு முன்பு பாடசாலையில் படிப்பித்திருந்தால் மலகூடக் குழியைக் கிணற்றுக்கு எவ்வளவு தூரத்தில் வெட்ட வேண்டும் என்றாவது யோசித்திருப்பார்கள்.

அம்மன்காசு எழுதியது:

நான் தேர்வாணையத் தேர்வுகளுக்குப் படிக்கிறவன், புதுக்கோட்டைப் பக்கம். இளைஞர்களுக்கு ஒன்றும் தெரியாது என்கிறவர்கள் எந்த மாவட்ட மைய நூலகத்துக்காவது காலை எட்டு மணிக்கு வாருங்கள். உட்கார இடம் கிடைக்காது. 2024இல் குரூப் 4 தேர்வுக்கு இருபது லட்சம் பேருக்கு மேல் விண்ணப்பித்தார்கள். அத்தனை பேரும் ஆறாம் வகுப்பிலிருந்து சமூக அறிவியல் புத்தகத்தை வரி விடாமல் படிக்கிறார்கள். என்னை எழுப்பிக் கேளுங்கள்: ஆந்திரம் பிரிந்தது 1953 அக்டோபர் 1, திருத்தணி நம்மோடு சேர்ந்தது 1960 ஏப்ரல் 1, சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது 1969 ஜனவரி 14. தரங்கம்பாடிக்கு டேனிஷ்காரர்கள் வந்தது 1620, விற்றுவிட்டுப் போனது 1845.

இத்தனையும் தெரிந்த எனக்கு ஒரு நாள் அப்பத்தா தன் சுருக்குப்பையிலிருந்து ஒரு சிறிய செப்புக் காசை எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் அம்மன் உருவம், மறுபக்கம் 'விஜய' என்று எழுத்து. தேய்ந்து விரல் நகம் அளவுக்கு இருந்தது. "எங்கள் ராஜா காசு" என்றார். எந்த ராஜா என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. 1948 மார்ச் வரை புதுக்கோட்டை தொண்டைமான்கள் ஆண்ட தனிச் சமஸ்தானம். இந்தியா விடுதலை அடைந்த அன்று எங்கள் ஊர் சென்னை மாகாணத்தில் இல்லவே இல்லை. தொண்டைமான்களைப் பற்றிக் கட்டபொம்மன் பாடத்தில் ஒரு வரி படித்திருந்தேன். அந்த வரியில் வருகிற தொண்டைமான்களின் வழிவந்தவர்கள் கட்டிய அரண்மனையில்தான் இப்போது மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இயங்குகிறது, சாதிச் சான்றுக்காக அங்கே வரிசையில் நின்றிருக்கிறேன். இரண்டும் ஒரே வம்சம் என்று யாரும் சேர்த்துச் சொல்லவில்லை.

எங்களுக்குத் தெரிவது குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். தேதிகளாகத் தெரிகிறது. நான்கு விடைகளில் ஒன்றைக் கறுப்பாக்குகிற அளவுக்குத் தெரிகிறது.

பொருநைக்கரை எழுதியது:

அம்மன்காசு, உங்களைப் போன்றவர் எங்களிடம் வேலைக்கு வரவில்லையே என்பதுதான் என் குறை. வருகிறவர்கள் அந்தப் புத்தகத்தைப் பத்தாம் வகுப்போடு பழைய பேப்பர்க்காரரிடம் போட்டவர்கள். ஆசிரியை அம்மா சொன்னதைக் கேட்டபிறகு பள்ளிக்கும் இதில் பங்கு உண்டு என்று ஏற்கிறேன். அதற்காக எல்லாவற்றையும் பள்ளியின் தலையில் கட்ட மாட்டேன். கையில் இருக்கிற கைப்பேசியில் உலகத்து வரைபடம் முழுக்க இருக்கிறது. 2014இல் தொடங்கிய கீழடி அகழாய்வு பற்றி எவ்வளவு காணொளிகள்! பார்க்க யார் தடை?

தென்கடல் எழுதியது:

கீழடிக்கு முன்பே குமரிக்கண்டம் இருக்கிறது. கடலுக்குள் போன நாற்பத்தொன்பது நாடுகளைப் பற்றிப் பாடநூலில் ஒரு வரி உண்டா? முதலில் அதைக் கேளுங்கள். இளைஞர்களுக்கு வரலாறு தெரியாமல் போனதற்கு இந்த மறைப்புதான் காரணம்.

கடைசி வரிசை எழுதியது:

பாருங்கள், நான் சொன்னது வந்துவிட்டது.

ஐயா, இந்தியப் பெருங்கடலில் மூழ்கிய கண்டம் என்ற கருத்தை 1864இல் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் சொன்னார். மடகாஸ்கரில் வாழும் லெமூர் விலங்குகளுக்கு உறவான விலங்குகள் இந்தியாவிலும் இருந்ததற்கு விளக்கம் தேடினார். கண்டங்கள் நகர்கின்றன என்று தெரிந்தபிறகு அந்தக் கருத்து கைவிடப்பட்டது. மடகாஸ்கரும் இந்தியாவும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்து பிரிந்தவை, இடையில் எதுவும் மூழ்க வேண்டிய தேவை இல்லை. அந்தப் பிரிவு மனிதர்கள் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே நடந்துவிட்டது. கடல்கோள் பற்றி இலக்கியம் சொல்வதை இலக்கியமாகப் படிக்கலாம். பனியுகத்தில் கடல் மட்டம் நூறு மீட்டருக்கும் கீழே இருந்ததும், தமிழகத்துக்கும் இலங்கைக்கும் நடுவே தரை இருந்ததும் உண்மை. அது கடலோர நிலம். அதைக் கண்டம் என்று ஊதிப் பெருக்கினால் உண்மையான செய்திக்கும் மதிப்புப் போய்விடுகிறது.

மட்டுறுத்துநர் எழுதியது:

குமரிக்கண்டம் பற்றிய மற்ற பதிவுகள் அனைத்தும் அதற்கென்று இருக்கும் தனி இழைக்கு மாற்றப்பட்டன. அங்கே ஏற்கெனவே நல்ல கூட்டம். முகலாயர் பாடங்களை மத்தியப் பாடநூலிலிருந்து 2023இல் நீக்கியது பற்றிய பதிவுகளும் அரசியல் பகுதிக்குப் போய்விட்டன. இங்கே தலைப்பை ஒட்டி எழுதுங்கள்.

ஹட்சன் ஓரம் எழுதியது:

தலைப்பை ஒட்டியே கேட்கிறேன். கைப்பேசியில் இரண்டு நொடியில் கிடைப்பதை ஏன் மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும்? புதுச்சேரி விடுதலை பெற்ற ஆண்டைத் தேடினால் வந்துவிடுகிறது.

கரும்பலகை எழுதியது:

தேட வேண்டும் என்று முதலில் தோன்ற வேண்டுமே. 2004 டிசம்பர் 26 அன்று தாய்லாந்தின் புக்கெட் தீவில் ஒரு கடற்கரையில் பிரிட்டனைச் சேர்ந்த பத்து வயதுச் சிறுமி டில்லி ஸ்மித், கடல் விசித்திரமாக நுரைப்பதைப் பார்த்தாள். இரண்டு வாரத்துக்கு முன்பு புவியியல் வகுப்பில் சுனாமி பற்றிப் படித்திருந்தாள். அம்மா அப்பாவிடம் கத்தி, காவலரிடம் சொல்லவைத்து, கடற்கரையில் இருந்த ஏறத்தாழ நூறு பேரை வெளியேறவைத்தாள். அந்த நேரத்தில் எந்தச் சாதனத்தில் எதைத் தேடியிருப்பாள்? நம் கரையில் பெரும்பாலோர் சுனாமி என்ற சொல்லையே அன்றுதான் கேட்டோம். பட்டம் பெற்ற பெரியவர்களும் அதில் அடக்கம் என்பதைக் கடைசி வரிசைத் தம்பி சொல்வதற்கு முன்பு நானே சொல்லிவிடுகிறேன்.

ஆண்டுகளைத் தேடிக்கொள்ளலாம், அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. என் வகுப்பில் 1857ஐ மறந்தவனுக்கு நான் மதிப்பெண் குறைப்பேன், வருத்தப்பட மாட்டேன். பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று நுழைவதால்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் நிற்கின்றன என்பதை, அந்தக் காற்றிலேயே சைக்கிள் மிதித்து வருகிற பிள்ளை தொடர்புபடுத்தாமல் போனால் வருத்தப்படுவேன்.

கடைசி வரிசை எழுதியது:

ஆசிரியை அக்காவுக்கு வணக்கம். நீங்கள் இப்படிச் சொல்லித்தந்திருந்தால் நான் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன்.

பொருநைக்கரை ஐயாவிடம் ஒன்று கேட்கிறேன். மேட்டூர் திறக்கும் நாள் தெரியாததற்காக எத்தனை பேரை வேண்டாம் என்று அனுப்பினீர்களோ தெரியவில்லை. அவர்களை வேலைக்கு எடுத்து ஒரு வாரம் டெல்டாவில் சுற்றவிட்டிருந்தால் கற்றுக்கொண்டிருப்பார்களா, மாட்டார்களா? ஜூன் 12 என்பது இளங்கலைப் பட்டப்படிப்பில் எந்தத் தாளில் வருகிறது? விளம்பரத்தில் "பட்டப்படிப்பு, இரு சக்கர வாகன உரிமம்" என்று போட்டுவிட்டு நேர்காணலில் பாசனம் கேட்கிறீர்கள்.

பொருநைக்கரை எழுதியது:

கற்றுக்கொள்வார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சம்பளம் கொடுத்துக் கற்றுத்தர எந்த முதலாளியும் ஒரு வாரம் தர மாட்டார். போட்டி நிறுவனத்து ஆள் அதே வாரத்தில் ஒரத்தநாட்டில் நான்கு கடைகளைப் பிடித்துவிடுவார். மேலும், தஞ்சாவூரில் வேலை என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது. நேர்காணலுக்கு வருவதற்கு முதல் நாள் அந்த மாவட்டத்தில் என்ன விளைகிறது, எப்போது விதைக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரக்கூடாதா? கைப்பேசியில் இரண்டு நொடிதான் என்று மேலே ஒருவர் சொன்னாரே.

கடைசி வரிசை எழுதியது:

அது நியாயம். அந்த ஒன்றை மட்டும் ஏற்கிறேன். ராமநாதபுரத்துப் பையன் விஷயத்தில் இன்னும் ஏற்கவில்லை. பெயரில்லாத வரைபடத்தை நேர்காணல் அறையில் நீட்டினால் யாருக்கும் கை நடுங்கும். அவனிடம் பாம்பன் எந்தப் பக்கம், வைகை உங்கள் ஊர்ப் பெரிய கண்மாய்க்கு எப்போது வரும் என்று கேட்டுப் பார்த்தீர்களா?

பொருநைக்கரை எழுதியது:

கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பான் என்பது உங்கள் ஊகம். அடுத்த நேர்காணல் சித்திரையில். வரைபடத்தை நீட்டத்தான் போகிறேன். கூடவே கண்மாயைப் பற்றியும் கேட்கிறேன், யார் சொன்னது சரி என்று இங்கேயே எழுதுகிறேன்.

கலங்கல் எழுதியது:

எழுதும்போது அந்தப் பெயரில்லாத வரைபடத்தையும் இங்கே போடுங்கள். இந்த இழையில் இருக்கிற ஐம்பது வயதுக்காரர்கள் எல்லோரும் ஒருமுறை விரல் வைத்துப் பார்க்கட்டும்.